ஜொள்ளு வடிவது ஏன்? சிஸ்டரின் பதில்கள்

நரம்பியல் வார்டில் பல வருடம் நர்ஸாக இருந்தேன். எச்சில் வடிவதைப் பற்றி நம்ம ஏரியாக்காரர்கள் கேட்டவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

சிஸ்டர், பாப்பாவுக்கு ஏழு மாசம். ஜொள்ளு நிக்கவே இல்ல. மசக்கையில ஆசைப்பட்டத நான் சாப்பிடாததாலன்னு மாமியார் சொல்றாங்க. (கொருக்குப்பேட்டை)

அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை, மனசைப் போட்டு வருத்திக்கொள்ளாதீர்கள். மூன்று மாதத்துக்கு மேல் எச்சில் நிறைய ஊறும். உதட்டை மூடி விழுங்கத்தான் குழந்தைக்கு இன்னும் பழகவில்லை. ஒன்றரை, இரண்டு வயதில் தானாக நிற்கும். நாலு வயதுக்கு மேலும் வடிந்தால் டாக்டரிடம் காட்டுங்கள். கழுத்து மடிப்பை மெல்லிய துணியால் ஒற்றி எடுங்கள், தேய்த்தால் புண்ணாகிவிடும்.

லாரி ஓட்டுறேன். காலைல தலையணை நனைஞ்சிருக்கு. (எண்ணூர்)

தூக்கத்தில் விழுங்குவது குறையும். தூசியால் மூக்கடைத்தால் வாய் வழியாக மூச்சு விடுவோம், எச்சில் வழியும். மல்லாந்து படுத்துப் பாருங்கள். ஆனால் குறட்டையும் பகலில் தூக்கமும் இருந்தால் மல்லாந்து படுக்க வேண்டாம், தூக்கத்தில் மூச்சு தடைபடுகிறதா என்று உடனே பரிசோதியுங்கள். நீங்கள் வண்டி ஓட்டுபவர்.

அப்பாவுக்குப் பார்க்கின்சன் (நடுக்குவாத நோய்). எச்சில் அதிகமா சுரக்குது, தண்ணிய குறைக்கலாமா? (தண்டையார்பேட்டை)

குறைக்கவே கூடாது. எல்லோருக்கும் தினமும் அரை முதல் ஒன்றரை லிட்டர் எச்சில் சுரக்கிறது. நாம் நினைக்காமலேயே விழுங்கிவிடுகிறோம். அப்பாவுக்குச் சுரப்பு கூடவில்லை, அந்தத் தானாக விழுங்கும் பழக்கம்தான் மந்தமாகிவிட்டது. தலை குனிந்தே இருப்பதால் வாயோரம் வழிகிறது. நிமிர்த்தி உட்கார வையுங்கள். பேசுவதற்கு முன்பு ஒருமுறை விழுங்கச் சொல்லுங்கள். சாப்பிடும்போது இருமினால் விழுங்கும் பயிற்சி தருபவரிடம் அழைத்துப் போங்கள். உணவும் எச்சிலும் நுரையீரலுக்குள் போனால் நிமோனியா வரும். மாத்திரை உண்டு, சுரப்பியில் போடும் ஊசியும் உண்டு, டாக்டரிடம் கேளுங்கள். தோளில் துண்டோடு டீக்கடைக்குப் போகக் கூச்சப்பட்டு வீட்டிலேயே முடங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன். அப்பாவை அப்படி விட்டுவிடாதீர்கள்.

ஒரு பக்கமா மட்டும் வடிஞ்சா? (காசிமேடு)

திடீரென்று வடிந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்காதீர்கள். வலை பின்னும் ஒருவருக்குக் காலை டீ வாயின் இடப்பக்கம் வழிந்து சட்டை நனைந்தது. பல்வலி என்று மதியம் வரை இருந்துவிட்டார். அது பக்கவாதம். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அவர் வந்தபோது அந்த நேரம் தாண்டிவிட்டது. சிரிக்கச் சொல்லுங்கள், இரண்டு கையையும் தூக்கச் சொல்லுங்கள். வாய் கோணினாலோ, கை இறங்கினாலோ, பேச்சு குழறினாலோ 108-ஐ அழையுங்கள். ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரி போல ஸ்கேன் வசதி உள்ள இடத்துக்கே போங்கள்.

நல்லா இருந்த குழந்தைக்குத் திடீர்னு எச்சில் கொட்டினா? (வியாசர்பாடி)

பொம்மையின் பட்டன் பேட்டரியை விழுங்கியிருக்கலாம். இரண்டு மணி நேரத்திலேயே உணவுக்குழாயை அரித்துவிடும். காய்ச்சலோடு மூச்சு இழுத்தால் தொண்டை வீங்கியிருக்கலாம். இரண்டிலும் வாய்க்குள் விரல் விடாதீர்கள், வாந்தி எடுக்க வைக்காதீர்கள். மடியில் உட்கார்ந்தபடியே வைத்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.