எங்கள் உள்ளூர் மன்றத்துக்கு நிதி திரட்ட, சுமார் 60 பேருக்கு ஒயின் சுவைப்பு மாலை நடத்துகிறோம். பாட்டில் 15 டாலருக்கு மேல் போகக்கூடாது. விலை குறைந்த நல்ல ஒயின்களை எப்படித் தேர்ந்தெடுப்பது?

உங்கள் கேள்வியில் மூன்று விவரம் இருக்கிறது: உள்ளூர் மன்றம், சுமார் 60 பேர், பாட்டில் 15 டாலருக்கு மேல் போகக்கூடாது. நானும் இதே கணக்கோடு மெல்போர்னில் எங்கள் புறநகர் கிரிக்கெட் கிளப்புக்காக மூன்று வருடம் இதைச் செய்திருக்கிறேன். பயிற்சி வலைகள் கிழிந்து தொங்கின, கவுன்சிலிடம் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டோம், அதனால் ஆரம்பித்தது. நான் ஒயின் நிபுணன் இல்லை. கமிட்டிக் கூட்டத்தில் வாயைத் திறந்தவன் தலையில் வேலை விழும் என்பது உங்களுக்கே தெரியும்.

முதல் வருடம் நான் செய்த தவறு, பெயரைப் பார்த்து வாங்கியது. சிவப்பு ஒயினில் பினோ நுவார் என்றால் கௌரவம் என்று எங்கோ படித்திருந்தேன். 9 டாலருக்கு ஒரு பினோ நுவார் கிடைத்தது, பத்து பாட்டில் தூக்கிக்கொண்டு வந்தேன். ரோஸ் மில்க்கில் மூன்று மடங்கு தண்ணீர் ஊற்றினால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. பினோ நுவார் வளர்க்கச் சிரமமான திராட்சை. குளிரான இடம் வேண்டும், கொடிக்குக் காய்ப்பைக் குறைக்க வேண்டும், அதனால் நன்றாகச் செய்தால் விலை ஏறத்தான் செய்யும். மலிவாகச் செய்தால் அதில் ஒன்றும் மிஞ்சாது. ஷாம்பெயினும் அப்படித்தான். குறைந்த விலை ஷாம்பெயின் என்று தேடி அலைவது வீண்.

ஆகவே 15 டாலருக்குள், அந்த விலையிலேயே நன்றாகச் செய்ய முடிகிற வகைகளைப் பாருங்கள். நீங்கள் ஆஸ்திரேலியாவில் இருப்பதாக வைத்துக்கொண்டு சொல்கிறேன். இங்கே ஒயினுக்குப் போடும் தனி வரி, மொத்த விற்பனை விலையில் 29 சதவீதம். பீருக்கும் விஸ்கிக்கும் இருப்பதுபோல ஆல்கஹால் அளவை வைத்துப் போடும் வரி இல்லை. அதனால் விலை குறைந்த ஒயினுக்கு வரியும் குறைவு. இதற்கு மேல், 2020 நவம்பரில் சீனா ஆஸ்திரேலிய ஒயின் மீது பெரிய சுங்க வரி போட்டது. அது பிறகு 218 சதவீதம் வரை போனது, 2024 மார்ச்சில்தான் எடுத்தார்கள். பணமதிப்பில் சீனாதான் மிகப் பெரிய ஏற்றுமதிச் சந்தையாக இருந்தது. அங்கே போக வேண்டிய சிவப்பு ஒயின் எல்லாம் தொட்டிகளில் தேங்கியது. திராட்சை விவசாயிகளுக்கு அது பெரிய அடி. நம் தக்காளி விவசாயிகள் கதைதான். வாங்குகிறவர்களுக்கு என்ன ஆனதென்றால், நல்ல ஷிராஸ்கூட பிராண்ட் பெயர் இல்லாத ‘கிளீன்ஸ்கின்’ பாட்டிலில் 10, 12 டாலருக்குக் கிடைத்தது.

இரண்டாம் வருடம் வைத்த வரிசை எனக்குத் திருப்தியாக இருந்தது, அதையே சொல்கிறேன்.

முதலில் விக்டோரியாவின் கிங் வேலி புரோசெக்கோ, நுரைக்கும் வெள்ளை ஒயின். இத்தாலியக் குடியேறிகள் புகையிலை பயிரிட்ட பள்ளத்தாக்கு அது. ஆஸ்திரேலியாவின் முதல் புரோசெக்கோ 2004-ல் அங்கிருந்துதான் வந்தது. பாட்டிலிலேயே இரண்டாம் முறை நொதிக்க வைக்கும் ஷாம்பெயின் முறை இதற்குக் கிடையாது, பெரிய தொட்டியிலேயே முடித்துவிடுகிறார்கள், அதனால் 15 டாலருக்கு நியாயமான சரக்கு கிடைக்கும். வந்தவர்கள் கையில் நுரை பொங்கும் கிளாஸைக் கொடுத்துவிட்டால் கூடத்தின் இறுக்கம் தானாகத் தளர்ந்துவிடும்.

அடுத்து தெற்கு ஆஸ்திரேலியாவின் கிளேர் வேலி ரீஸ்லிங், இதுவும் வெள்ளை ஒயின். எலுமிச்சை இலையைக் கசக்கி முகர்ந்த மாதிரி வாசனை, நல்ல புளிப்பு, இனிப்பு கிடையாது. நம் ஆட்கள் பலர் ரீஸ்லிங் என்றால் இனிப்பு என்று நினைத்துக்கொண்டு வருவார்கள், அந்த முகங்களைப் பார்க்கவே வைக்கலாம். கார்க் கெட்டுப்போய் ஈர அட்டைப்பெட்டி நாற்றம் அடிக்கும் தொல்லை தாங்காமல், 2000-ஆம் ஆண்டு அறுவடையில் திருகு மூடிக்கு ஒன்றாக மாறியவர்கள் இந்த ஊர் ரீஸ்லிங்காரர்கள்தான். திருகு மூடி என்றால் மட்டம் என்று யாராவது மூக்கைச் சுளித்தால் இந்தக் கதையைச் சொல்லுங்கள். நிதி திரட்டும் நிகழ்ச்சிக்குத் திருகு மூடி வரப்பிரசாதம். கார்க் திருகியைத் தேடி ஓட வேண்டாம், கெட்ட பாட்டில் பயமும் பெரும்பாலும் இல்லை.

மூன்றாவதாக நியூ சவுத் வேல்ஸின் ஹண்டர் வேலி செமியோன் என்ற வெள்ளை ஒயினை வைத்தேன். என் சொந்தப் பிடிவாதம். ஆல்கஹால் 11 சதவீதத்தைச் சுற்றித்தான் இருக்கும், வருடக்கணக்கில் வைத்திருந்தாலும் மெருகேறும், ஆனாலும் யாரும் சீந்துவதில்லை. அன்றைக்கும் சீந்தவில்லை. நீங்கள் அதற்குப் பதிலாக நியூசிலாந்தின் மார்ல்பரோ சவிஞோன் பிளாங்க் வைத்துவிடுங்கள், கூட்டம் கேட்பது அதைத்தான்.

நான்காவது தெற்கு ஆஸ்திரேலியாவின் மெக்லாரன் வேல் கிரெனாஷ், சிவப்பு ஒயின். இதை வலியுறுத்திச் சொல்வேன். ஷிராஸ் அளவுக்கு அழுத்தம் இல்லை, துவர்ப்பு குறைவு, ஸ்ட்ராபெர்ரி ஜாம் மாதிரி ஒரு மணம். சிவப்பு ஒயின் பிடிக்காது என்பவர்கள்கூட இதில் இரண்டாவது கிளாஸ் கேட்டார்கள்.

துவர்ப்பு என்றதும் ஒன்று. ஒயினில் துவர்ப்பைத் தரும் டானின் என்பதை ஆங்கிலக்காரர்கள் பக்கம் பக்கமாக விளக்குகிறார்கள். நமக்கு அது தேவையே இல்லை, அறுசுவையில் ஒன்றாகவே வைத்திருக்கிறோம். “கொட்டைப்பாக்கைக் கடித்தால் நாக்கு இழுக்கும் இல்லையா, அதுதான்” என்றால் முடிந்தது. ஷிராஸின் மிளகு மணத்துக்கும் அப்படித்தான். ரொட்டண்டோன் என்ற பொருள்தான் அதற்குக் காரணம் என்று 2008-ல் ஆஸ்திரேலிய ஒயின் ஆராய்ச்சி நிறுவனத்தார் கண்டுபிடித்து வெளியிட்டார்கள். நம் வீட்டு மிளகில் இருக்கும் அதே பொருள். மிளகு ரசம் தெரிந்த மூக்குக்கு ஷிராஸ் புதிதில்லை.

ஷிராஸைத்தான் விளையாட்டாக வைத்தோம். ஒரே பகுதியைச் சேர்ந்த இரண்டு ஷிராஸ், ஒன்று 12 டாலர், இன்னொன்று 45 டாலர். இரண்டையும் பழுப்புக் காகிதப் பைக்குள் போட்டு, அ, ஆ என்று எழுதிவிட்டோம். ஒவ்வொன்றிலும் பாதி ஊற்றுதான், தலைக்கு 25 மில்லி. எது பிடித்தது என்று கை தூக்கச் சொன்னால், 60 பேரில் 34 பேர் 12 டாலர் பக்கம். எங்கள் கேப்டனும் அந்தப் பக்கம்தான், தன்னை ஒயின் ரசிகர் என்று சொல்லிக்கொள்கிறவர், பாவம். இது எங்கள் ஊர்க் கூத்து மட்டும் இல்லை. 6,000-க்கும் மேற்பட்ட மறைவுச் சுவைப்புகளை வைத்து 2008-ல் வந்த ஓர் ஆய்வில், பயிற்சி இல்லாதவர்களுக்கு விலை கூடிய ஒயின் சராசரியாக ஒரு துளி குறைவாகவே பிடித்திருந்தது. விலைச்சீட்டை மறைப்பதுதான் சிக்கனமான நிகழ்ச்சிக்குச் சிறந்த உபாயம்.

கடைசியில் ரூதர்கிளென் மஸ்கட், 30 மில்லி மட்டும். வடகிழக்கு விக்டோரியாவின் இனிப்பு ஒயின், ஆல்கஹால் 17, 18 சதவீதம் இருக்கும், ஜாக்கிரதை. முகர்ந்து பார்த்த தேனிக்காரர் ஒருவர் “இது நம்ம கம்பம் பன்னீர் திராட்சை வாசம்ங்க” என்றார். சரியாகத்தான் சொன்னார். பன்னீர் திராட்சை என்பது மஸ்கட் ஹாம்பர்க், வாசனையில் ஒரே குடும்பம். அதற்கு மேல் நான் எதுவும் விளக்கவில்லை. அந்த மேஜையில் அரைமணி நேரம் ஊர்க்கதைதான் ஓடியது.

இப்போது கணக்கு. 750 மில்லி பாட்டிலில் 50 மில்லியாக ஊற்றினால் 15 பேருக்கு வர வேண்டும். வராது. ஊற்றுகிறவர் கை தாராளமாக இருக்கும், 13 என்று வையுங்கள். முதல் நாலு வகைக்கும் ஐந்தைந்து பாட்டில், ஷிராஸ் இரண்டிலும் மும்மூன்று, மஸ்கட் அரை லிட்டர் பாட்டில் நாலு. எங்களுக்கு ஒயினுக்குச் சுமார் 550 டாலர் ஆனது. சாப்பாடு, ஐஸ், வாடகைக் கிளாஸ், அனுமதிக் கட்டணம் எல்லாம் இன்னொரு 600. டிக்கெட் 40 டாலர், 60 பேர், 2,400. கையில் நின்றது 1,250.

ஆனால் இரண்டாம் வருடம் நாங்கள் கற்றுக்கொண்டது வேறு. ஒயினைப் பக்கத்துப் புறநகரில் ஒரு சின்னக் கடையில் வாங்கினோம். அந்தக் கடைக்காரரே யோசனை சொன்னார்: ஒவ்வொரு மேஜையிலும் ஆர்டர் தாள் வையுங்கள், பெட்டிக்கணக்கில் ஆர்டர் வந்தால் நானே நேராக வீட்டுக்கு அனுப்பிவிடுகிறேன், அதில் 15 சதவீதம் கிளப்புக்கு. அன்றிரவு 5,800 டாலருக்கு ஆர்டர், எங்கள் பங்கு 870. பெரும்பாலும் கிரெனாஷும் ரீஸ்லிங்கும். செமியோன் ஒரு பெட்டிகூட இல்லை. அதனால் ஒயினைத் தேர்ந்தெடுக்கும்போது “இது எவ்வளவு உயர்ந்தது” என்று பார்க்காமல், “செவ்வாய்க்கிழமை ராத்திரி சாப்பாட்டோடு குடிக்க இதில் ஒரு பெட்டி வாங்குவார்களா” என்று கேட்டுக்கொள்ளுங்கள். கடைக்காரரிடமும் அதையே கேளுங்கள். பெரிய சங்கிலிக் கடையில் விலை ஒரு டாலர் குறையலாம், இந்த மாதிரி ஏற்பாடு கிடைப்பது அபூர்வம்.

சாப்பாட்டில் நான் சொதப்பியதையும் சொல்லிவிடுகிறேன். முதல் வருடம் சிக்கன் 65-ஐ கபர்னே சவிஞோன் என்ற துவர்ப்பு மிகுந்த சிவப்பு ஒயினோடு பரிமாறினோம். காரமும் துவர்ப்பும் ஆல்கஹாலும் சேர்ந்தால் தொண்டை எரியும். எல்லோரும் தண்ணீர்க் குடத்தைத் தேடினார்கள். அதன்பிறகு மெதுவடை, வெங்காய பஜ்ஜி, முறுக்கு எல்லாம் புரோசெக்கோ, ரீஸ்லிங் நேரத்தில். எண்ணெய்ப் பண்டத்துக்கு அந்தப் புளிப்பு அவ்வளவு பொருத்தம். சிவப்பு வரும்போது பாலாடைக்கட்டி, ரொட்டி, காரம் இல்லாத ஆட்டுக்கறிக் கட்லெட்.

வெப்பம் இன்னொன்று. பிப்ரவரி மாதம், கூடத்தில் 32 டிகிரி. சிவப்பு ஒயினை ‘அறை வெப்பநிலையில்’ வைக்க வேண்டும் என்று படித்ததை அப்படியே செய்தால் கஷாயம்தான் கிடைக்கும். அந்த விதி ஐரோப்பாவின் குளிர்ந்த வீடுகளுக்கு. 16, 18 டிகிரி வேண்டும், அந்த அளவு குளிரும்வரை ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு ஊற்றுங்கள். வெள்ளைக்கு வாளியில் வெறும் ஐஸ் போடாமல் தண்ணீரும் சேருங்கள், சீக்கிரம் குளிரும்.

அனுமதியை மறந்துவிடாதீர்கள். விக்டோரியாவில், டிக்கெட் விலைக்குள் மதுவும் அடங்கியிருந்தால் அதுவும் விற்பனைதான், தற்காலிக உரிமம் வேண்டும். இரண்டு மாதம் முன்னாலேயே விண்ணப்பியுங்கள், ஊற்றுகிறவர்களில் ஆர்எஸ்ஏ சான்றிதழ் (மதுவைப் பொறுப்போடு பரிமாறும் பயிற்சிக்கானது) வைத்திருப்பவர் இருக்கட்டும். மேலே சொன்ன அளவுகளை எல்லாம் ஒருவர் குடித்து முடித்தால் ஏறக்குறைய 3 ஸ்டாண்டர்ட் டிரிங்க் ஆகிறது (ஒன்று என்றால் 10 கிராம் ஆல்கஹால்). துப்புவதற்கு மேஜைக்கு ஒரு வாளி வையுங்கள். வண்டி ஓட்டுகிறவர்களுக்கும் குடிக்காதவர்களுக்கும் பாதி விலை டிக்கெட், கூடவே நல்ல நன்னாரி சர்பத் சோடா. குடிக்காதவர்கள்கூடப் பெட்டி ஆர்டர் கொடுப்பார்கள், வீட்டுக்கு வரும் விருந்தாளிக்காம்.

அப்புறம், திறக்காத பாட்டிலைத் திருப்பி எடுத்துக்கொள்வீர்களா என்று வாங்கும்போதே கடையில் கேட்டுவிடுங்கள். எங்களுக்கு நாலு செமியோன் திரும்பிப் போனது.