மஹாகனி போட்டுக்கு ஸ்டெயின், சீலர், வார்னிஷ்: வந்த கேள்விகளும் என் பதில்களும்

குளிர் முடிஞ்சு எல்லாரும் கொட்டகையைத் திறந்து போட்டை வெளிய இழுக்கற சீசன்ல இந்த மாதிரி கேள்விங்க வரிசையா வந்துரும். இந்த தடவை முக்கால்வாசி பேர் கேட்டது பழைய அமெரிக்க மஹாகனி ரன்அபவுட் (சின்ன திறந்த மோட்டார் போட்) பத்திதான், அதாவது கிறிஸ் கிராஃப்ட், செஞ்சுரி, கார் வுட் கம்பெனிங்க வகையறா. எந்த பிராண்ட் வாங்கட்டும்னு எல்லாரும் கேக்கறாங்க, ஆனா அனுப்பின போட்டோவைப் பாத்தா கோளாறு எல்லாம் எதுக்கு அப்புறம் எதை அடிச்சாங்கன்றதுல இருக்கு. நிறைய பேர் ஒரே விஷயத்தைக் கேட்டிருந்ததால சேத்து எழுதிருக்கேன்.

சார், 1948 கிறிஸ் கிராஃப்ட் ஒண்ணு கைக்கு வந்திருக்கு, பழைய வார்னிஷ் மொத்தமும் சுரண்டியாச்சு. மரம் ரொம்ப காஞ்சு கிடக்கு, அதனால முதல்ல எபாக்ஸி சீலர் (மரத்துக்குள்ள ஊறி அடைக்கற பிசின்) குடிக்க விட்டுட்டு அப்புறம் ஸ்டெயின் பண்ணலாமா?

வேணாம் சார், அங்கதான் நிறைய பேர் மாட்டிக்கறாங்க. இந்த போட்டுங்களுக்குப் போடறது வெறும் கலர் தண்ணி ஸ்டெயின் கிடையாது, ஃபில்லர் ஸ்டெயின்னு ஒரு பேஸ்ட், அதுல கலரும் இருக்கு, மரத்தோட துவாரத்தை அடைக்கற நைஸ் பவுடரும் இருக்கு. மஹாகனிய கிட்டப் பாத்தீங்கன்னா ரேகை (மரத்தோட நார் வரி) முழுக்க ஊசியால கீறின மாதிரி சின்னச் சின்ன குழி இருக்கும், அந்தக் குழிக்குள்ள இது போய் உக்காந்தாதான் மேல வர்ற வார்னிஷ் கண்ணாடி மாதிரி சமமா நிக்கும். முதல்லயே சீலர் அடிச்சா குழி எல்லாம் பாதி அடைஞ்சுரும், கலர் பிடிக்காது, துடைச்சா துடைச்ச துணிலயே முக்கால்வாசி வந்துரும். அதனால ஸ்டெயின், அது நல்லா காயணும், அப்புறம் சீலர், அப்புறம் வார்னிஷ்.

போடற விதம் சொல்லிடறேன். டப்பா அடில பவுடர் கல்லு மாதிரி படிஞ்சிருக்கும், அதை அடிலேர்ந்து கிளறி எடுத்து மினரல் ஸ்பிரிட் (ஒரு வகை பெயின்ட் தின்னர்) விட்டு தோசை மாவை விட கொஞ்சம் நீர்க்க கலக்கிக்கோங்க. ஒரு நேரத்துல ரெண்டு மூணு அடி நீளம் மட்டும் எடுத்துக்கிட்டு பிரஷ்ஷால ரேகைக்குக் குறுக்கால அழுத்தித் தேய்ங்க. ஈரப் பளபளப்பு போய் மேல மங்கலா ஒரு திரை மாதிரி ஆகும், வெயில் காத்தைப் பொறுத்து பத்து இருபது நிமிஷம், அந்த நேரம் பாத்து சாக்குத் துணியால குறுக்கு வாக்குலயே துடைங்க, கடைசியா ஒரு மெல்லிசு காட்டன் துணியால ரேகை வாக்குல லேசா ஒரு இழுப்பு. சீக்கிரம் துடைச்சா குழிக்குள்ள போனதும் சேந்து வெளிய வரும், லேட்டா துடைச்சா சிமெண்ட் மாதிரி இறுகிரும், அப்ப மினரல் ஸ்பிரிட் நனைச்ச துணிதான் வழி. ஒரு முழு பக்கத்தையும் ஒரே மூச்சுல பூசிட்டு அப்புறம் துடைக்கலாம்னு மட்டும் நினைக்காதீங்க.

முடிச்சதும் ஒரு நாளாவது விடுங்க, குளிரா ஈரமா இருந்தா ரெண்டு மூணு நாள் கூட. அவசரப்பட்டு மேல எபாக்ஸி சீலர் அடிச்சா அதுல இருக்கற சால்வன்ட் ஸ்டெயினைக் கரைச்சு பிரஷ்ஷோட இழுத்துட்டுப் போகும், சிவப்பு கோடு கோடா தெரியும். பெயின்ட் கடைக்காரர் என்ன சொன்னாலும் உதிரிப் பலகைல முழு வரிசையையும் ஒரு தடவை செஞ்சு பாருங்க, வார்னிஷ் வரைக்கும், ஏன்னா ஸ்டெயின் மட்டும் காஞ்சு நிக்கும்போது செங்கல் பொடி மாதிரி அசிங்கமாதான் இருக்கும், வார்னிஷ் ஏறினாதான் நிஜ கலர்.

ப்ரோ, ஸ்டெயினுக்கு முன்னாடி எத்தனாம் நம்பர் சாண்ட் பேப்பர் வரைக்கும் போகணும்? நான் 320 வரைக்கும் போய் வழவழன்னு ஆக்கிட்டேன்.

ரொம்ப தூரம் போயிட்டீங்க ப்ரோ. 80ல ஆரம்பிச்சு 120, அதிகபட்சம் 150, அதோட நிறுத்தணும். அதுக்கு மேல போனா மரம் பாலிஷ் ஆகி கலர் குடிக்காது. இப்ப திரும்ப 120 வச்சு ரேகை வாக்குல கையால நீளக் கட்டை பிடிச்சு ஒரு தடவை தேய்ச்சா சரியாயிரும். ஆர்பிட்டல் மெஷின் விட்ட சுருள் கீறல் இப்ப தெரியாது, ஸ்டெயின் போட்டதும் அத்தனையும் கறுப்பா பல்லைக் காட்டும். மினரல் ஸ்பிரிட்ல துணிய நனைச்சு ஒரு தடவை துடைச்சுட்டு டார்ச்சை படுக்க வச்சு அடிச்சுப் பாருங்க, எல்லாம் தெரிஞ்சுரும்.

ஸ்க்ரூ இருக்கற இடத்துல எல்லாம் வட்ட வட்டமா கறுப்பு. எவ்ளோ தேய்ச்சாலும் போகல. டார்க் ஸ்டெயின் போட்டு மறைச்சுரலாமா அண்ணா?

மறையாது, வார்னிஷுக்குக் கீழ இன்னும் தூக்கலா தெரியும். முதல்ல ஸ்க்ரூ தலைய மூடியிருக்கற மரத் தக்கைய எடுத்து உள்ள என்ன ஸ்க்ரூ இருக்குன்னு பாருங்க. யாரோ நடுவுல ரிப்பேர் பண்ணும்போது இரும்பு ஸ்க்ரூ போட்டிருப்பாங்க, இரும்பும் தண்ணியும் மரத்துல இருக்கற டானின்ங்கற துவர்ப்புச் சத்தும் சேந்தா வர்றது இந்தக் கறுப்பு, ஓக்ல இன்னும் மோசம். ஸ்க்ரூவை சிலிக்கான் பிரான்ஸுக்கு (இரும்பு மாதிரி துரு பிடிக்காத செம்புக் கலவை) மாத்தாம கறையை மட்டும் எடுத்தா திரும்ப வரும்.

கறைக்கு ஆக்ஸாலிக் ஆசிட். சுடுதண்ணில கரையற வரைக்கும் கரைச்சு, கறை மேல மட்டும் இல்லாம அந்தப் பலகை முழுக்க பூசுங்க, புள்ளில மட்டும் வச்சா கறுப்பு வட்டம் போய் வெளுப்பு வட்டம் வரும், அவ்ளோதான் வித்தியாசம். காஞ்சதும் நிறைய தண்ணி விட்டு கழுவி, ஆப்ப சோடா கரைச்ச தண்ணில ஒரு தடவை துடைச்சு, திரும்ப கழுவி, நாள் கணக்கா காய விடுங்க. இது விஷம், காஞ்ச பொடி மூக்குல ஏறினா எரியும், அதனால கழுவாம சாண்ட் பண்ணாதீங்க, மாஸ்க் கிளவுஸ் கட்டாயம். புதுத் தக்கைய பலகையோட ரேகைக்கு நேரா திருப்பி வச்சு அடிங்க, எபாக்ஸி வேணாம், வார்னிஷ்ல தொட்டு வச்சாலே பிடிச்சுக்கும், நாளைக்கு ஸ்க்ரூவை கழட்டணும்னா பலகை பிய்யாம வரும்.

1951 கிறிஸ் கிராஃப்ட் ரிவியரா வச்சிருக்கேன். டெக்ல ஓரப் பலகையும் நடுப் பலகையும் மஞ்சளா வெளுப்பா இருக்கும்னு சொல்றாங்க, என்னோடது முழுக்க சிவப்பா இருக்கு. வேற மரம் போட்டிருப்பாங்களா?

மரம் அதேதான். ரெண்டாம் உலகப் போருக்கு அப்புறம் வந்த சில மாடல்ல அந்தப் பலகைங்களை மட்டும் ப்ளீச் பண்ணி வெளிர் மஞ்சளா (blonde) ஆக்கினாங்க, உங்க ரிவியரா அந்த ஃபேஷன் காலத்து போட்டு. நடுவுல யாரோ ரெஸ்டோர் பண்ணும்போது ஒரே டப்பால முக்கி எடுத்திருக்காங்க, இது சகஜம். அமெரிக்காவுல நியூபோர்ட் நியூஸ் ஊர்ல இருக்கற மரைனர்ஸ் மியூசியத்துல கிறிஸ் கிராஃப்ட் கம்பெனியோட பழைய பேப்பர் எல்லாம் இருக்கு, ஹல் நம்பர் (போட்டுக்கு கம்பெனி குடுத்த நம்பர்) குடுத்தா உங்க போட்டோட ஹல் கார்டு (அந்த போட்டுக்கு கம்பெனி எழுதி வச்ச பதிவு அட்டை) காப்பி வாங்கலாம், எந்த இன்ஜினோட யாருக்குப் போச்சுன்னு அதுல தெரியும். ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி அதை வாங்கி வச்சுக்கோங்க.

வெளுக்க வைக்கறதுக்கு ஆக்ஸாலிக் பத்தாது, ரெண்டு பாட்டில்ல வர்ற மர ப்ளீச் வேணும், ஒண்ணு காஸ்டிக் சோடா, இன்னொண்ணு ஸ்ட்ராங்கான ஹைட்ரஜன் பெராக்சைடு. ரெண்டும் தோலை அரிக்கும், கண்ணுக்கு கண்ணாடி இல்லாம தொடாதீங்க. முடிஞ்சதும் வினிகர் கலந்த தண்ணியால துடைச்சு, காய விட்டு, அந்த வெளுத்த பலகைங்களுக்கு முதல்ல ரெண்டு கோட் சீல் பண்ணிருங்க. அதுக்கு அப்புறம்தான் பக்கத்துப் பலகைக்கு சிவப்பு ஸ்டெயின். இந்த வரிசை மாறினா ஓரத்துல ஒட்டற டேப் அடில சிவப்பு ஊறி வெளுப்புக்குள்ள போயிரும், திரும்ப முதல்லேர்ந்து.

நாலு பலகை புதுசா மாத்தினேன், அதே ஸ்டெயின்தான், ஆனா புதுசு தனியா தெரியுது.

தெரியத்தான் செய்யும். கிறிஸ் கிராஃப்ட் பக்கப் பலகைக்கு நிறைய போட்டது பிலிப்பைன் மஹாகனி, பேர்தான் மஹாகனி, நிஜத்துல அது வேற குடும்பத்து மரம், நீங்க வாங்கினது ஆப்பிரிக்காவோ ஹோண்டுராஸோ இருந்தா ரேகையும் வேற, குடிக்கற அளவும் வேற. போதாக்குறைக்கு பழைய பலகை அறுபது எழுபது வருஷ வெளிச்சம் பாத்தது. புதுப் பலகைக்கு மட்டும் முதல்ல ஒரு கை டை ஸ்டெயின் (பவுடர் இல்லாத வெறும் கலர்) குடுத்து பழசோட பக்கத்துல கொண்டு வந்துட்டு அப்புறம் மொத்தத்துக்கும் ஃபில்லர் ஸ்டெயின் போடுங்க. நூத்துக்கு நூறு வராது. என்னைக் கேட்டா வரவும் வேணாம், நேர்மையா ரிப்பேர் பண்ண போட்டுல அது தெரிஞ்சா ஒண்ணும் கெட்டுப் போகாது.

சாதா கடைல கிடைக்கற பாலியூரித்தேன் போதுமா? எத்தனை கோட்?

வீட்டுத் தரைக்குப் போதும், போட்டுக்கு வேணாம். பலகை தண்ணில ஊறி விரியும், வெயில்ல சுருங்கும், அந்த பாலியூரித்தேன் ஃபிலிம் விறைப்பா நிக்கும், முதல்ல பலகை சேர்ற இடத்துல விரிசல், அதுக்குள்ள தண்ணி, அப்புறம் தாள் தாளா உரியும். எபிஃபேன்ஸ் மாதிரி டங் ஆயில் சேத்த மரைன் வார்னிஷ் மரத்தோட சேந்து கொஞ்சம் அசையும், யூவி தடுப்பும் அதுல இருக்கு. எபாக்ஸி சீலர் போடாதவங்க முதல் கோட்டை பாதிக்குப் பாதி தின்னர் விட்டு அடிங்க, அடுத்தது கால் பங்கு, அப்புறம் போகப் போக கெட்டியா. மொத்தம் எட்டுலேர்ந்து பன்னண்டு கோட், நடுநடுவுல 220 சாண்ட் பேப்பர், கடைசிப் பக்கம் 320. எபாக்ஸி சீலருக்கு வெயிலைத் தாங்கற சக்தி கிடையாது, அதை மட்டும் அடிச்சுட்டு ஒரு சம்மர் ஓட்டலாம்னு ஒருத்தர் கேட்டிருந்தார், முடியாது.

பலகையோட வெட்டு முனைய விட்டுறாதீங்க, தண்ணி அதிகமா குடிக்கறது அங்கதான். கிளீட் (கயிறு கட்டற கொக்கி), விண்ட்ஷீல்டு எல்லாத்தையும் கழட்டி அதோட ஓட்டைக்குள்ளயும் சீலர் விடுங்க, சுத்தி டேப் ஒட்டிட்டு அடிச்சா அந்த ஓரத்துலேர்ந்துதான் வார்னிஷ் தூக்கும்.

போன வருஷம் அடிச்ச வார்னிஷ் அடில பால் மாதிரி வெள்ளையா திட்டு. பிராண்ட் மாத்தணுமா சார்?

அது ஈரம் சார். மரத்துக்குள்ள இருந்த தண்ணி வெளிய வர வழியில்லாம ஃபிலிம் அடில நிக்குது. ஒரு மாய்ஸ்சர் மீட்டர் வாங்குங்க, 12லேர்ந்து 15 சதவீதத்துக்குக் கீழ வராம எதையும் அடிக்காதீங்க. சாயங்காலம் லேட்டா அடிச்சு மேல பனி இறங்கினாலும் வெளுக்கும், ஆனா அது மேலோட்டமா மங்கும், சாண்ட் பண்ணி அடுத்த கோட் போட்டா போயிரும். உங்களோடது அடிலேர்ந்து, அந்த இடத்தை மரம் வரைக்கும் சுரண்டித்தான் ஆகணும்.

அடிப்பக்கத்தையும் வெளிலேர்ந்து எபாக்ஸில சீல் பண்ணிட்டா லீக்கே இருக்காதுல்ல?

ஒரிஜினல் அடின்னா தொடாதீங்க. அது ரெண்டு அடுக்குப் பலகை, நடுவுல பேஸ்ட்ல ஊறின கேன்வாஸ், தண்ணில போட்டு ஊறி விரிஞ்சுதான் அது இறுகும். வெளிய மட்டும் அடைச்சா உள்ள பில்ஜ் தண்ணி (போட்டுக்குள்ள அடில தேங்கற தண்ணி) இறங்கி நடுவுல மாட்டிக்கிட்டு ஓக் ஃப்ரேம் வரைக்கும் உளுத்துரும். ஊற வைக்காத அடி வேணும்னா மொத்தமா பிரிச்சு, ஒவ்வொரு பலகையையும் நாலு பக்கமும் சீல் பண்ணி, த்ரீஎம் 5200 (மரைன் ஒட்டுப் பசை) வச்சு திரும்பக் கட்டணும், அது வேற வேலை வேற பட்ஜெட். உள்ள ஆரஞ்சு கலந்த சிவப்புல பழைய பெயின்ட் இருந்தா அது ஈயம் கலந்ததா இருக்க நிறைய வாய்ப்பு, டெஸ்ட் பண்ணாம காஞ்ச நிலைல மெஷின் விடாதீங்க.

டெக் பலகைங்க நடுவுல வர்ற வெள்ளைக் கோடு எப்ப போடணும்?

ஸ்டெயின், சீலர், ரெண்டு மூணு கோட் வார்னிஷ் எல்லாம் ஆனப்புறம். சீல் பண்ணாத சிவப்பு மேல வெள்ளை காம்பவுண்டை வச்சா ரோஸ் கலர் ஏறிரும். ரெண்டு பக்கமும் டேப் ஒட்டி, கத்தியால அழுத்தி நிரப்பி, காயறதுக்கு முன்னாடியே டேப்பை இழுத்துருங்க.

இதை யாரும் கேக்கல, நானே சொல்றேன்: ஸ்டெயின், வார்னிஷ் துடைச்ச துணிய கசக்கி மூலைல போடாதீங்க, எண்ணெய் காயும்போது அதுவே சூடாகி தானா பத்திக்கும், கொட்டகையோட போட்டும் போயிரும். விரிச்சு வெளிய காயப் போடுங்க, இல்லன்னா தண்ணி ஊத்தின மூடி போட்ட டின்ல போடுங்க.