வாசகர் கேள்வி – பதில்: கரை ஒதுங்கும் உயிரும் அதற்கு உதவ வருபவர்களும்

கேள்வி: என் மகள் பிளஸ் டூ படிக்கிறாள். கரை ஒதுங்கிய ஓங்கில் (டால்பின்) ஒன்றைச் சிலர் காப்பாற்றிக் கடலில் விடும் காட்சியைக் கைப்பேசியில் பார்த்தது முதல், கடல்வாழ் பாலூட்டிகளை மீட்டு ஆராயும் குழுவில்தான் சேருவேன் என்று பிடிவாதமாக இருக்கிறாள். ராமேசுவரம் போகும்போது மட்டும் கடலைப் பார்க்கிற குடும்பம் எங்களுடையது. இது நடக்கக்கூடிய காரியமா? அத்தகைய குழுவில் யார் யார் இருப்பார்கள்?
– வாசகி, திருநகர், மதுரை

பதில்: நடக்கக்கூடிய காரியம்தான். ஆனால் உங்கள் மகள் பார்த்த காட்சியில் தெரிந்தவர்கள் குழுவில் ஒரு பகுதியினர் மட்டுமே என்பதை அவருக்கு முதலில் சொல்லுங்கள். வெளிநாட்டுக் காட்சிகளில் வேறொரு சிக்கலும் உண்டு. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் 1975-இல் தொடங்கப்பட்ட கடல் பாலூட்டி மையம் போன்ற இடங்களில் பெரும்பாலும் சிகிச்சை பெறுபவை சீல்களும் கடற்சிங்கங்களும். அவற்றைக் கூண்டில் வைத்து, வாரக்கணக்கில் மருந்தும் மீனும் கொடுத்துத் தேற்றி அனுப்பலாம். நம் கரையில் சீல்கள் இல்லை. மன்னார் வளைகுடாவிலும் பாக் விரிகுடாவிலும் நாம் எதிர்கொள்பவை ஓங்கில்கள், திமிங்கலங்கள், மீனவர்கள் ஆவுளியா என்று அழைக்கும் கடற்பசு ஆகியவை. இவற்றைப் பிடித்து வைத்து வைத்தியம் பார்ப்பது எளிதன்று. ஆகவே இங்கே மணல்தான் மருத்துவமனை, கையில் இருப்பதோ சில மணி நேரம்.

அந்தச் சில மணி நேரத்தில் முடிவெடுப்பவர் கால்நடை மருத்துவர். ஓங்கிலுக்கு மூச்சு விடுவது நம்மைப் போலத் தானாக நிகழ்வதன்று; அது நினைத்து நினைத்து மூச்சு விடுகிற விலங்கு என்பதால், மயக்க மருந்து கொடுப்பதே அதன் உயிருக்கு ஆபத்தாகலாம். மாட்டுக்கும் ஆட்டுக்கும் பயன்படும் அளவுகளை அப்படியே இங்கே கொண்டுவர முடியாது. கடற்பசுவின் கதை இன்னும் சுவையானது. பெயரில் பசு இருந்தாலும் அதன் நெருங்கிய நிலவாழ் உறவினர்களுள் ஒன்று யானை. பெண் கடற்பசுவின் பால்மடி யானையைப் போலவே முன்னங்காலுக்கு, அதாவது துடுப்புக்கு, அருகில் அமைந்திருக்கிறது. கோயில் யானைகளைப் பார்த்து வளர்ந்த மதுரைப் பெண்ணுக்கு இந்த விலங்கு அப்படியொன்றும் அந்நியமாக இருக்காது.

மருத்துவருக்கு அடுத்து உயிரியலாளர் வருகிறார். முதுகுத் துடுப்பின் வெட்டுகளையும் தழும்புகளையும் படமெடுத்து, இது எந்த ஓங்கில், முன்பு எங்கே தென்பட்டது என்று அடையாளம் காண்பவர் அவர். நீருக்கடியில் ஒலிவாங்கியை இறக்கி அவை எழுப்பும் ஒலியைப் பதிவு செய்பவர், ட்ரோன் படங்களை வைத்து எண்ணிக்கையைக் கணிக்கும் புள்ளியியலாளர், திசுவில் நோய்க்கிருமி தேடும் ஆய்வகத்தார் ஆகியோரும் உண்டு. இவர்களில் சிலர் கடலில் கால் நனைக்காமலே பணிக்காலம் முழுவதையும் கழித்துவிடுவார்கள். வனத்துறை அலுவலர் இல்லாமல் எதுவுமே நடக்காது. கடற்பசு 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கும் உயிர், அனுமதியின்றி அதைக் கையாள முடியாது.

ஆயினும் குழுவின் முதல் நிபுணர் யார் என்று என்னைக் கேட்டால், பட்டம் ஏதும் பெறாத நாட்டுப்படகு மீனவரைத்தான் சொல்வேன். வலையில் ஆவுளியா சிக்கியிருப்பதை முதலில் பார்ப்பவர் அவர். அது சில நிமிடங்களுக்கு ஒருமுறை நீர்மட்டத்துக்கு வந்து மூச்சு விட்டாக வேண்டும். மருத்துவர் கரையிலிருந்து புறப்படுவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். தம் வலையைத் தாமே அறுத்து அதை விடுவிப்பவருக்கு வனத்துறை ஊக்கத்தொகை அளிப்பது இதனால்தான். தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடற்பகுதியில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பை 2022-இல் கடற்பசுப் பாதுகாப்பகமாகத் தமிழக அரசு அறிவித்தது. அந்த அறிவிப்புக்கு உயிர் கொடுப்பவர்கள் அங்கே வலை வீசுகிறவர்கள்தாம்.

படிப்பைப் பொறுத்தவரை, மருத்துவம்தான் விருப்பம் என்றால் ஐந்தரை ஆண்டு கால்நடை மருத்துவப் படிப்பு. திருநெல்வேலியிலும் தேனியிலும் கல்லூரிகள் உள்ளன. ஆய்வுதான் விருப்பம் என்றால் விலங்கியலில் தொடங்கலாம். தூத்துக்குடியில் மீன்வளக் கல்லூரி இருக்கிறது. அழகப்பா பல்கலைக்கழகத்தின் கடலியல் துறை தொண்டியில் இயங்குகிறது. நீச்சலையும் இப்போதே கற்றுக்கொள்ளச் சொல்லுங்கள், அதற்கு வைகையை நம்ப வேண்டாம்.

கேள்வி: 2016-இல் திருச்செந்தூர் அருகே கரை ஒதுங்கிய திமிங்கலங்களை மீனவர்கள் கடலுக்குள் தள்ளிவிட்ட பிறகும் அவை திரும்பத் திரும்பக் கரைக்கே வந்ததாகப் படித்தேன். உயிர் பிழைக்கும் ஆசை அவற்றுக்கு இல்லையா?
– ஆசிரியர், மேலூர்

பதில்: அந்த ஜனவரியில் மணப்பாட்டை ஒட்டிய கடற்கரையில் எண்பதுக்கும் மேற்பட்ட பைலட் திமிங்கலங்கள் ஒதுங்கின; அவற்றில் பல இறந்தன. அதே கடலோரத்தில் 1973 ஜனவரியிலும் இதே இனத்தைச் சேர்ந்த 147 திமிங்கலங்கள் ஒதுங்கியிருக்கின்றன. பைலட் திமிங்கலம் தனித்து வாழ்வதன்று. தாய்வழி உறவினர் கூட்டமாகவே பயணம் செய்யும். கூட்டத்தில் ஒன்று நோயுற்றோ வழி தவறியோ ஆழமற்ற நீருக்கு வந்தால் மற்றவை அதை விட்டுப் போவதில்லை. எனவே ஒன்றைத் தள்ளிவிட்டால், கரையில் இன்னும் கிடக்கும் உறவின் குரல் கேட்டு அது மீண்டும் வருகிறது. ஆசை இல்லாமலில்லை, பிரிய மனமில்லை என்றுதான் நான் கொள்வேன்.

உடல்நிலையும் ஒரு காரணம். நீரில் மிதந்தபோது எடை தெரியாத உடல், மணலில் கிடக்கும்போது தன் பாரத்தாலேயே நுரையீரலையும் தசைகளையும் நசுக்குகிறது. நசுங்கிய தசையிலிருந்து இரத்தத்தில் கலக்கும் கழிவு சிறுநீரகத்தைப் பாழாக்குகிறது. குளிர்நீரில் சூட்டைக் காக்க அமைந்த தடித்த கொழுப்பு, வெயிலில் உடலை உள்ளிருந்தே வேகவைக்கிறது. வெளியே காயமில்லாமல் நீந்திப் போகும் திமிங்கலம் உள்ளே மரணத்தைச் சுமந்து செல்லக்கூடும். பயிற்சி பெற்ற குழுவினர் முதலில் இரத்தம் எடுத்துப் பார்த்து, எது பிழைக்கும் என்று தேர்ந்து, காற்றடைத்த மிதவைகளில் ஏற்றி, இயன்றவரை கூட்டமாக ஆழ்நீருக்குக் கொண்டுபோய் விடுவது இதனால்தான். பிழைக்காது என்று தெரிந்ததை வலியின்றி இறக்கவிடும் முடிவும் அவர்களுடையதே. அந்த நேரத்தில் சுற்றி நிற்கும் கூட்டம் அவர்களைத் திட்டாமல் இருப்பது அரிது.

கேள்வி: விலங்கியல் மாணவன் நான். கரையில் இறந்து கிடந்த ஓங்கிலை ஆய்வாளர்கள் அறுத்துப் பார்த்ததை நேரில் கண்டு மனம் வருந்தினேன். அமைதியாகப் புதைத்திருக்கக் கூடாதா?
– வாசகர், திருமங்கலம்

பதில்: உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனால் அறுக்காமல் புதைத்தால் அது எதனால் இறந்தது என்பதும் சேர்ந்தே புதைந்துவிடும். பல்லை அறுத்துப் பார்த்தால் மரத்தின் வளையங்களைப் போன்ற அடுக்குகள் தெரியும். வயதை அதிலிருந்து கணக்கிடுகிறார்கள். இரைப்பையில் கணவாயின் அலகும் மீன் எலும்பும் இருக்கின்றனவா, பிளாஸ்டிக் பை இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். தோலில் வலைக்கயிற்றின் தடம், நுரையீரலில் நுரை ஆகியவை சேர்ந்து தெரிந்தால் வலையில் மூச்சு முட்டியிருக்கலாம் என்ற ஐயம் வலுப்படும். உடலின் நிலையை ஒன்று முதல் ஐந்து வரை எண்ணிட்டுக் குறிப்பதும் வழக்கம்: உயிருடன் இருந்தால் ஒன்று, எலும்பும் உலர்ந்த தோலுமாக இருந்தால் ஐந்து. அழுகிய உடலின் துர்நாற்றத்தில் நின்றுகொண்டு இவை அனைத்தையும் பொறுமையாகக் குறிப்பேட்டில் எழுதுகிறாரே ஒருவர், அவருடைய பெயர் செய்தியில் வருவதில்லை. எந்த மாதத்தில், எந்தக் கரையில், எந்த வலையால் இறப்புகள் நேர்கின்றன என்று பின்னாளில் நமக்குத் தெரிவது அவருடைய கையெழுத்தால்தான்.

கேள்வி: வியாபார நிமித்தமாக மாதம் இருமுறை மண்டபம் செல்கிறேன். அப்படி ஒரு விலங்கைக் கண்டால் என்ன செய்ய வேண்டும்?
– வணிகர், மதுரை கீழமாசி வீதி

பதில்: வனத்துறைக்கோ அருகிலுள்ள காவல் நிலையத்துக்கோ உடனே சொல்லுங்கள். உயிர் இருந்தால் வாலைப் பிடித்து இழுக்காதீர்கள், இழுக்கவும் விடாதீர்கள். ஈரத்துணியால் உடலை மூடி நீர் ஊற்றிக்கொண்டிருங்கள். தலைமேல் உள்ள மூச்சுத்துளையில் மட்டும் துணியோ நீரோ மணலோ படக்கூடாது. நோய் தொற்றக்கூடும் என்பதால் அதன் மூச்சுக்கு நேரே முகத்தை வைக்க வேண்டாம். இறந்திருந்தாலும் தொடாமல், பக்கத்தில் உங்கள் செருப்பையோ குடையையோ வைத்து ஒரு படம் எடுங்கள். வருபவர்களுக்கு நீளத்தை மதிப்பிட அது உதவும்.