கல் இல்லாமலே பிள்ளைகளுக்குப் பித்தப்பை வீங்குமா?

"ஒன்பது வயது மகனுக்குக் காய்ச்சலோடு வயிற்றுவலி. ஸ்கானில் கல் இல்லை, ஆனால் பித்தப்பை வீங்கியிருக்கிறது என்கிறார்கள். ஆபரேஷன் செய்ய வேண்டி வருமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். நான் டொக்டர் இல்லை. போன வருடம் இதே பயத்தோடு வாட்டில் நின்ற அம்மா.

கல் இல்லாமலும் வீங்கும். பெரியவர்களுக்குப் பெரும்பாலும் கல்தான் காரணம். பிள்ளைகளுக்கு வேறொரு நோய் வந்திருக்கும்போது பித்தப்பையும் சேர்ந்து வீங்கிவிடலாம். ஆகவே, "எந்த நோயால் இது வீங்கியது?" என்று முதலில் கேளுங்கள்.

எங்கள் மகளுக்கு அது டெங்கு. வெள்ளவத்தையில் ஜூன் மழை, வீட்டைச் சுற்றி நுளம்பு. நாலாம் நாள் காய்ச்சல் விட்டதும் அப்பாடா என்று இருந்தோம். அன்று பின்னேரமே வாந்தி, வலது விலாவுக்குக் கீழே வலி. மாமி வாய்வு என்று உள்ளி அவித்துக் கொடுத்தார். எனக்கு மனம் கேட்கவில்லை, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். ஸ்கான் செய்த டொக்டர் விலாவுக்குக் கீழே கருவியை மெல்ல அழுத்தி, "மூச்சை இழுங்கோ மகள்" என்றார். பாதி மூச்சிலேயே பிள்ளை நிறுத்திவிட்டாள், கண் நிறைந்துவிட்டது. பித்தப்பைச் சுவர் 3 மில்லிமீற்றருக்குள் இருக்க வேண்டுமாம்; அவளுக்கு 6. சுற்றிலும் நீர். கல் ஒன்றுகூட இல்லை.

டெங்குவில் காய்ச்சல் விடும் நேரம்தான் ஆபத்தான நேரம். இரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிந்து பித்தப்பைச் சுவரிலும் ஊறும். கசிவு நின்றால் வீக்கமும் பெரும்பாலும் தானாக வற்றிவிடும். இரத்தத்தை உறைய வைக்கும் பிளேட்லெட் அணுக்கள் குறைந்திருக்கும்போது கத்தி வைத்தால் இரத்தம் நிற்காதோ என்ற பயமும் உண்டு, அதனால் ஆபரேஷன் பேச்சே எடுக்கவில்லை. சேலைனை அளந்து ஏற்றினார்கள். அவள் குடித்ததையும் போன சிறுநீரையும் மில்லிலீற்றர் கணக்கில் நான் கொப்பியில் எழுதினேன். வாட்டுக்கு வந்த மூன்றாம் நாள் விடிய, "அம்மா, பசிக்குது" என்றாள். பிறகு எடுத்த ஸ்கானில் சுவர் பழையபடி மெல்லிசாக இருந்தது.

உங்கள் மகனுக்கும் டெங்குதான் என்று சொல்லமாட்டேன். செங்கண்மாரி, நெருப்புக்காய்ச்சல், எலிக்காய்ச்சல் எல்லாவற்றிலும் இப்படி வரலாம். பக்டீரியாவால் வந்தது என்றால் அன்ரிபயோடிக் கட்டாயம் வேண்டும். சுவர் அழுகினாலோ ஓட்டை விழுந்தாலோ ஆபரேஷனும் தேவைப்படும். அதனால்தான் திரும்பத் திரும்ப ஸ்கான் எடுப்பார்கள், சலித்துக்கொள்ளாதீர்கள். டெங்கு இல்லை என்று உறுதியாகும்வரை காய்ச்சலுக்குப் பனடோல் (பரசிட்டமோல்) மட்டும், அதுவும் டொக்டர் சொன்ன அளவில். இபுபுரோஃபன், டைக்குளோபெனாக் வேண்டவே வேண்டாம்.

வயிறு பலகைபோல இறுகினாலோ, கை கால் குளிர்ந்தாலோ, சிறுநீர் குறைந்தாலோ, பிள்ளை சோர்ந்து கதைக்காமல் கிடந்தாலோ, டொக்டர் அடுத்த ரவுண்டுக்கு வரட்டும் என்று இருக்காதீர்கள். நடு இரவானாலும் உடனே நர்ஸ் மிஸ்ஸை எழுப்புங்கள்.