மூச்சு எங்கே முட்டுகிறது? கவிதை பற்றிக் கேள்வி பதில்

கவிதைக்குள் உணர்ச்சி எப்படி ஏறுகிறது, கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன் என்று சொன்னாலும் சொன்னேன், கேள்விகள் குவிந்துவிட்டன. வடசென்னையில் ஒரு பள்ளியில் 31 வருஷம் தமிழ் நடத்தியவன் நான். பிள்ளைகளை யாப்பை உருப்போட வைத்த பாவம் எனக்கும் உண்டு. அதில் கொஞ்சத்தை இங்கே கழித்துக்கொள்கிறேன்.

கல்லூரி மாணவர், பெரம்பூர்: ஐயா, அசை, சீர், தளை என்று எண்ணிக்கொண்டிருந்தால் அழுகை எங்கிருந்து வரும்? யாப்பு கைவிலங்குதானே?

தேர்வில் அசை பிரித்து அலகிடச் சொன்ன எங்களைத்தான் குற்றம் சொல்லவேண்டும், தம்பி. ஒரு பாட்டைப் பார்ப்போம். பாரி இறந்தபின் அவன் மகள்கள் பாடியது, புறநானூறு 112.

அற்றைத் திங்கள் அவ்வெண் ணிலவின்
எந்தையும் உடையேமெங் குன்றும் பிறர்கொளார்
இற்றைத் திங்கள் இவ்வெண் ணிலவின்
வென்றெறி முரசின் வேந்தரெம்
குன்றுங் கொண்டார்யாம் எந்தையும் இலமே.

போன மாச நிலவில் அப்பா இருந்தார், குன்றும் எங்கள் கையில் இருந்தது. இந்த மாச நிலவில் இரண்டும் இல்லை. அவ்வளவுதான் செய்தி. ‘அழுதோம்’ என்று ஒரு சொல் கிடையாது. நிலா மட்டும் மாறவில்லை; முதல் அடிக்கும் மூன்றாம் அடிக்கும் இடையே முதலெழுத்து, சுட்டெழுத்து தவிர எதுவும் மாறவில்லை.

இப்போது நான்காவது அடியை எண்ணுங்கள். அசைகள் சேர்ந்தால் சீர், சீர்கள் சேர்ந்தால் அடி. இங்கே மூன்றே சீர். நேரிசை ஆசிரியப்பாவில் கடைசிக்கு முந்திய அடி அப்படித்தான் வரும். மற்ற அடிகளுக்கு நான்கு. இருட்டில் மாடிப்படி இறங்கும்போது, இன்னொரு படி இருக்கிறது என்று காலை வைத்தால் தரை வந்துவிடுமே, அந்தத் தடுக்கல். அந்த இடத்தில் வந்து நிற்கிற சொல் ‘எம்’. எங்களோட… எது? அடுத்த அடிக்குப் போனால்தான் ‘குன்று’. தொண்டை அடைத்து நின்று பிறகு பேசும் பெண்ணின் குரல் எனக்கு அங்கே கேட்கிறது. முன்பாதியில் அப்பா முதலில், குன்று பிறகு. பின்பாதியில் வரிசை திரும்பிவிட்டது, அப்பா கடைசியில். இதையெல்லாம் விரல்விட்டு எண்ணித்தான் பாடியிருப்பார்கள் என்று சொல்லவில்லை. அந்த வடிவத்தில் ஊறியவர்களுக்குக் குறைந்த சீர் எங்கே என்று காலுக்கே தெரியும்.

ஆசிரியை, தாம்பரம்: துக்கத்துக்கு அகவல் (ஆசிரியப்பா), நீதிக்கு வெண்பா என்று பிரித்துச் சொல்லிக்கொடுக்கலாமா?

வேண்டாம் அம்மா. அகவல் அழைக்கிற ஓசை, வெண்பா செப்புகிற, அதாவது எடுத்துச் சொல்கிற ஓசை. அது வரைக்கும் சரி. ஆனால் எடுத்துச் சொல்வதில் கோபமும் வரும், கெஞ்சலும் வரும். குறள் 1151:

செல்லாமை உண்டேல் எனக்குரை மற்றுநின்
வல்வரவு வாழ்வார்க் குரை.

போகவில்லை என்றால் என்னிடம் சொல். சீக்கிரம் வந்துவிடுவேன் என்பதையெல்லாம், அதுவரை உயிரோடு இருப்பவர்களிடம் போய்ச் சொல். ‘குரை’ என்று இரண்டு முறை விழுகிறது. இரண்டாவது விழும்போது ஈற்றுச் சீருக்கு ஓரசைதான் இடம், பட்டென்று கதவு சாத்தியதுபோல முடிகிறது. கணவன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நிற்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். இதற்குமேல் அவன் என்ன பேசமுடியும்?

பெயர் வேண்டாம் என்றவர், கொளத்தூர்: எதுகை மோனை இல்லாமல் கவிதை எழுதினால் தப்பா?

தப்பில்லை. எதுகைக்காகப் பொய் சொன்னால் தப்பு.

இல்லத்தரசி, அம்பத்தூர்: அம்மா போன துக்கத்தில் எழுதினேன். படித்தவர்கள் ‘நல்லாருக்கு’ என்கிறார்கள், ஒருவர் கண்ணும் கலங்கவில்லை. என்ன குறை?

உங்கள் நான்கு வரி இது:

அம்மா நீ போனபின் ஆறாத சோகம்
நெஞ்சமெல்லாம் நிறைந்த துயரம்
கண்ணீர்க் கடலில் மிதக்கிறேன் நான்
கொடியில் ஆடுகிறது உன் புடவை

கோபித்துக்கொள்ளாதீர்கள், முதல் மூன்று வரியும் எல்லாருடைய அம்மாவுக்கும் பொருந்தும். நான்காவது மட்டும்தான் உங்கள் அம்மா. சோகம், துயரம், கண்ணீர் என்று நீங்களே எல்லாவற்றையும் அனுபவித்துவிட்டால் வாசகருக்கு என்ன மிச்சம்? அந்தப் புடவையோடு மட்டும் மொட்டை மாடியில் நின்று பார்த்தேன். இப்படி வருகிறது:

கொடியில் உன் புடவை
நேற்றே காய்ந்துவிட்டது.
மழைக்கு இருட்டுகிறது.
யாரும்
எடுக்கவில்லை.

‘யாரும்’ ஏன் தனி வரி? சத்தமாகப் படித்துப் பாருங்கள். அங்கே அரை நொடி நிற்பீர்கள். மழை வந்தால் ஓடிப்போய்த் துணி எடுப்பவர் யார் என்று அந்த அரை நொடியில் நினைவு வரும். இதைவிட நன்றாக உங்களால் எழுதமுடியும், புடவையின் நிறம் உங்களுக்குத்தான் தெரியும்.

வங்கி ஊழியர், கோடம்பாக்கம்: உரைநடையை உடைத்துப்போட்டால் புதுக்கவிதை, அப்படித்தானே?

பழைய சண்டை. சி.சு. செல்லப்பா 1959இல் திருவல்லிக்கேணியிலிருந்து ‘எழுத்து’ பத்திரிகையைத் தொடங்கி, புதுக்கவிதைக்கு இடம் கொடுத்தபோதே இந்தக் கேள்வி வந்தாயிற்று. மேலே அம்பத்தூர் அம்மாவுக்குச் சொன்னதைப் படியுங்கள். உடைத்த இடத்தில் மூச்சு நிற்கக் காரணம் இருந்தால் கவிதை. இல்லையென்றால் நீங்கள் சொன்னதுதான்.

ஓட்டுநர், வியாசர்பாடி: சார், கானாவுக்கும் இந்த இலக்கணமெல்லாம் உண்டா? இல்ல, அது சும்மா பாட்டா?

சும்மாவா! இழவு வீட்டில் விடிய விடியப் பாடுகிற மரண கானாவைக் கேட்டு வளர்ந்தவன் நான். எங்கள் தெருவில் மீன்பாடி வண்டி ஓட்டியவர் ஒருவர் இறந்த இரவு, பாடியவர் அவர் வண்டி மிதித்த வழியை அடுக்கினார். பேசின் பிரிட்ஜ், புளியந்தோப்பு, பட்டாளம் என்று டோலக் துள்ளத் துள்ளப் போனது. சிலர் ஆடவும் செய்தார்கள். ‘ஓட்டேரி’ என்றதும் தாளத்தை நிறுத்திவிட்டார். ஓட்டேரியில் என்ன இருக்கிறது என்று அங்கே உட்கார்ந்திருந்த எல்லாருக்கும் தெரியும். சுடுகாடு.

துள்ளுகிற தாளத்தில் சாவைச் சொல்வதற்கு முரண் என்று பெயர் வைக்கலாம். தொல்காப்பியம் அழுகை பிறக்கும் இடம் நான்கு என்கிறது: இளிவு, இழவு, அசைவு, வறுமை. இழிவுபடுவது, இழப்பது, இருந்த நிலையிலிருந்து சரிவது, இல்லாமை. அன்றைக்கு அந்தப் பந்தலில் நான்கும் இருந்தன. (‘இழவு’ இன்று நம் ஊரில் வசவாகிப்போனது வேறு கதை.)

பள்ளி மாணவி, திருவல்லிக்கேணி: பாரதியார் ‘அக்கினிக் குஞ்சு’ கடைசியில் ‘தத்தரிகிட தத்தரிகிட தித்தோம்’ என்கிறாரே, அர்த்தம் என்ன?

அர்த்தம் இல்லை பாப்பா, ஜதி, தாளத்தை வாயால் சொல்வது. காடு வெந்து தணிந்துவிட்டது, கேள்வியும் கேட்டாயிற்று. அதற்குமேல் சொல்லுக்கு வேலை இல்லை என்று மத்தளத்திடம் கொடுத்துவிட்டார். துளசிங்கப் பெருமாள் கோயில் தெருவில் அவர் வாழ்ந்த வீட்டுக்குப் போனால், வாசலில் நின்று மெல்லச் சொல்லிப் பார். மெல்லச் சொல்லவே முடியாது.

எழுத்தாளர் ஆக விரும்புபவர், போரூர்: அலறலை எழுத்தில் எப்படிக் காட்டுவது? மூன்று ஆச்சரியக்குறி போட்டால் கேலி செய்கிறார்கள்.

ஔவையார் ஒரு எழுத்தை நீட்டினார். குறுந்தொகை 28இல், முட்டுவேனா, தாக்குவேனா என்று தத்தளிக்கிறவள் ‘ஆஅ ஒல்லெனக் கூவுவேன்கொல்’ என்கிறாள். மாத்திரை என்பது எழுத்தை ஒலிக்கும் நேர அளவு; ‘ஆ’ இரண்டு மாத்திரை, கூட ஒரு ‘அ’, மூன்றாகிறது. எழுத்திலேயே வாய் திறந்திருக்கிறது. ஆனால் அவள் கூவவில்லை, கூவட்டுமா என்றுதான் கேட்கிறாள். யாரை முட்டுவது என்பது கடைசிச் சொல்லில்தான் தெரிகிறது: தன் நோய் தெரியாமல் தூங்கும் ‘ஊர்க்கே’.

ஐ.டி. ஊழியர், வேளச்சேரி: தூக்கம் வராத ராத்திரியைப் பற்றி எழுத நினைக்கிறேன். எங்கே ஆரம்பிக்கலாம்?

குறுந்தொகை 6, பதுமனார். நான்கே அடி.

நள்ளென் றன்றே யாமம் சொல்அவிந்து
இனிதடங் கினரே மாக்கள் முனிவின்று
நனந்தலை உலகமும் துஞ்சும்
ஓர்யான் மன்ற துஞ்சா தேனே.

முதலில் பேச்சு அடங்குகிறது, பிறகு மனிதர்கள், பிறகு உலகம். அந்த மூன்றாவது அடியிலும் ஒரு சீர் குறைகிறது பாருங்கள். அதற்கப்புறம்தான் ‘ஓர்யான்’, நான் ஒருத்தி மட்டும் தூங்கவில்லை. உங்கள் வீட்டில் யார் யார் தூங்குகிறார்கள் என்று முதலில் எழுதுங்கள். மனைவி, குழந்தை, கீழே நாற்காலியில் வாட்ச்மேன், கார் மேல் பூனை. நீங்கள் கடைசி வரியில் வந்தால் போதும்.