விளையாட்டுக் கேள்வி–பதில்: ஆறு புள்ளி உயிரோடு ஒரு மந்திரவாதி

இந்த இதழில் ‘பால்டர்ஸ் கேட்’ முதல் பாகத்தைப் பற்றி வந்த கேள்விகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். 1998-ல் பயோவேர் நிறுவனம் உருவாக்கிய கணினி ஆட்டம் இது. மெருகேற்றிய பதிப்பு 2012-ல் வந்த பிறகு டேப்லெட்டிலும் விளையாட முடிகிறது. எழுதியவர்கள் எல்லோரும் மந்திரவாதியாக ஆடுகிறவர்கள், எல்லோரும் முதல் லெவலிலேயே செத்துக்கொண்டிருக்கிறவர்கள். நானும் இந்த ஆட்டத்தை எப்போது தொடங்கினாலும் மந்திரவாதியைத்தான் எடுப்பேன். அதனால் கொஞ்சம் நீட்டித்தான் சொல்லப்போகிறேன்.

அக்கா, ஆசையாக மேஜ், அதாவது மந்திரவாதி எடுத்தேன். ஆட்டம் தொடங்கும் கேண்டில்கீப்பிலிருந்து கிளம்பி ஃப்ரெண்ட்லி ஆர்ம் விடுதிப் படிக்கட்டு வரைக்கும் போய்விட்டேன். அங்கே ஒருத்தன் பேச்சுக் கொடுத்துவிட்டு மந்திரம் போட்டே என்னைக் கொன்றுவிடுகிறான். பேசாமல் ஃபைட்டருக்கு (வாள்வீரனுக்கு) மாறிவிடலாமா? — மதுரை வாசகர்

மாறாதீர்கள். உங்களைக் கொல்கிற டார்னெஷும் ஒரு மந்திரவாதிதான். அவன் ஜெயிக்கிற விதத்தைக் கவனித்தாலே பாதிப் பாடம் முடிந்துவிடும். முதலில் ‘மிரர் இமேஜ்’ போட்டுத் தன்னைப் போலவே சில பிம்பங்களை நிறுத்திக்கொள்வான். அடுத்தது ‘ஹாரர்’. உங்கள் ஆட்கள் அலறிக்கொண்டு திசைக்கு ஒருவராக ஓடுவார்கள். பிறகு நிதானமாக உங்களை முடிப்பான்.

ஆனால் அவன் மந்திரத்தைச் சொல்லி முடிக்கக் கொஞ்ச நேரம் பிடிக்கும். அதற்குள் அவன் மேல் ஓர் அடி விழுந்தால் மந்திரம் கெட்டுப்போகும். இந்த விதி உங்களுக்கும் உண்டு, அவனுக்கும் உண்டு. உங்களை வளர்த்த கோரியன் இறந்த மறுநாள் காலை உங்கள் தோழி இமோயென் வந்து சேர்கிறாள் அல்லவா? அவள் பையைத் திறந்து பாருங்கள். ‘மேஜிக் மிஸைல்’ என்ற மாய அம்பை விடும் மந்திரக்கோல் ஒன்று இருக்கும். பின்னால் உதவும் என்று பலரும் அதைப் பத்திரப்படுத்திவிடுகிறார்கள். பின்னால் என்று ஒன்று இருக்க வேண்டுமென்றால் அதை இங்கேயே எடுங்கள். அவன் விரோதமாக மாறிய நொடியில் இமோயென் கோலை நீட்டட்டும், நீங்கள் கவணை எடுங்கள். வழியில் எதிர்ப்படும் க்ஸாரையும் மொன்டரோனையும் குழுவில் சேர்த்திருந்தால் அவர்களும் தாக்கட்டும். முதல் சில அடிகளைப் பிம்பங்கள் வாங்கிக்கொள்ளும், அசராதீர்கள். அடி இடைவிடாமல் விழவேண்டும், அவ்வளவுதான். விடுதிக் காவலர்கள் நடமாடும் பக்கமாக ஓடினால் அவர்களும் கைகொடுப்பார்கள்.

இன்னொன்று, உங்கள் உடம்பைப் பற்றி. மந்திரவாதிக்கு உயிர்ப்புள்ளி நான்குமுகப் பகடையில்தான். முதல் லெவலில் முழுசாக 4 கிடைக்கும். கான்ஸ்டிட்யூஷன் (உடல்வலு) 16 வைத்தால் இன்னும் 2. ஆக மொத்தம் 6. நீண்ட வாள் ஒரே வீச்சில் 8 வரை எடுக்கும். இந்தக் கணக்கை மனதில் வைத்தால் முன்வரிசையில் நிற்கும் எண்ணமே வராது. 16-க்கு மேல் கான்ஸ்டிட்யூஷன் ஏற்றுவது வீண். மந்திரவாதிக்கு அதற்கு மேல் உயிர் ஏறாது. டெக்ஸ்டெரிட்டியை (சுறுசுறுப்பை) 18 ஆக்குங்கள். கவசம் இல்லாமலே உங்கள் காப்பு எண் 10-லிருந்து 6-க்கு இறங்கும். இந்த ஆட்டத்தில் அந்த எண் குறையக் குறைய நல்லது. கவண் வீச்சும் சரியாகப் படும்.

மெருகேற்றிய பதிப்பு என்றால் ‘ஃபைண்ட் ஃபெமிலியர்’ மந்திரத்தையும் தேடுங்கள். ஒரு குட்டித் துணைப்பிராணி வரும். அதன் உயிர்ப்புள்ளியில் பாதி உங்களுடையதோடு சேரும். 6 வைத்துக்கொண்டு நடுங்குகிறவருக்கு அது எவ்வளவு பெரிய தெம்பு! வந்த உடனே பைக்குள் வைத்துவிடுங்கள், சண்டைக்கு அனுப்பாதீர்கள். அது செத்தால் உங்கள் கான்ஸ்டிட்யூஷனில் ஒரு புள்ளி நிரந்தரமாகப் போய்விடும்.

முதல் லெவலில் ஒரே ஒரு மந்திரம்தான் மனப்பாடம் செய்ய முடிகிறது. மேஜிக் மிஸைலா, ஸ்லீப்பா? — கோவை வாசகி

ஸ்லீப், அதாவது எதிரிகளைத் தூங்கவைக்கும் மந்திரம். இதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது.

முதல் லெவலில் மேஜிக் மிஸைல் ஒரே ஓர் அம்புதான் விடும். அது எடுப்பது 2-லிருந்து 5 புள்ளி. கோபால்ட் என்கிற குட்டி அரக்கன் ஒன்றைக் கொல்லலாம். அதற்கு இமோயெனின் வில்லே போதும். ஸ்லீப் போட்டால் ஒரு கூட்டமே சரியும்.

விடுதிக்குத் தெற்கே பெரெகோஸ்ட் ஊருக்குப் போகும் வழியில் பெல்ட்டுகளைத் திருடி வைத்திருக்கும் ஓக்ர் என்ற ராட்சதன் ஒன்று திரிகிறது. அது ஓங்கி அடித்தால் இந்தக் கட்டத்தில் உங்கள் குழுவில் யாரும் தாங்கமாட்டார்கள். அது கண்ணில் பட்டதும் ஸ்பேஸ் தட்டி ஆட்டத்தை நிறுத்துங்கள். மற்ற எல்லோரையும் பின்னுக்கு இழுங்கள். பார்வை எட்டும் கடைசித் தூரத்திலிருந்து அதன் காலடியைக் குறிவைத்து ஸ்லீப். அது நாலு எட்டு ஓடிவந்து அப்படியே குப்புற விழும். தூங்குகிறவன் மேல் எந்த அடியும் தப்பாது. விடுதியில் உங்களோடு சேரும் காலித், ஜஹெய்ரா, கூடவே இமோயென் எல்லோரும் சுற்றி நின்று அடித்தால் எழுந்திருக்க வாய்ப்பே இல்லை. 270 அனுபவப் புள்ளி. சில சமயம் அது தாக்குப்பிடித்துவிடும். அதனால்தான் அந்தக் கடைசித் தூரம். திரும்பி ஓட இடம் இருக்கவேண்டும். அதனிடம் கிடைக்கும் இரண்டு பெல்ட்டையும் ‘ஐடென்டிஃபை’ செய்யாமல், அதாவது என்ன பொருள் என்று கண்டறியாமல், போட்டுக்கொள்ளாதீர்கள். ஒன்று சாபம் பிடித்தது. போட்டவரின் பாலினமே மாறிவிடும், கழற்றவும் வராது.

கோபால்ட், கிபர்லிங், ஹாப்காப்ளின், நால் போன்ற அரக்கக் கூட்டங்கள், சாதாரண வழிப்பறிக்காரர்கள் எல்லோருக்கும் ஸ்லீப் பலிக்கும். எலும்புக்கூடு மாதிரி செத்து எழுந்தவை தூங்காது. எல்ஃப் இனத்தாரிடம் 90 சதவீதம் பலிக்காது. லெவல் ஏறிய எதிரிகள் வரும்போது இந்த மந்திரம் மெல்லச் செல்லாக்காசாகிவிடும் என்பதும் உண்மை. அதுவரைக்கும் இந்த ஆட்டத்தில் இதைவிடப் பலமான ஆயுதம் யார் கையிலும் இல்லை.

முதல் லெவல் மந்திரவாதி பலவீனமானவர் என்கிற பேச்சை நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன். அவரிடம் ஒரு சண்டையை முழுசாக முடிக்கும் சக்தி இருக்கிறது, ஒரே ஒரு தடவைக்கு. எந்தச் சண்டைக்கு என்பதுதான் உங்கள் வேலை. ஒற்றை ஓநாய் வந்தால் கவணை எடுங்கள். கூட்டமாக வந்தால் மட்டும் மந்திரம் சொல்ல வாயைத் திறவுங்கள்.

சாதா மேஜா, ஏதாவது ஒரு மந்திரத் துறையில் ஸ்பெஷலிஸ்டா? — சேலம் வாசகர்

ஸ்பெஷலிஸ்ட். மந்திரங்களின் ஒவ்வொரு படியிலும் ஒரு மந்திரம் கூடுதல் என்றால் முதல் லெவலில் ஒன்று இரண்டாகிறது. இரண்டு ஸ்லீப்! ஆனால் ஒரு துறையை விடவேண்டியிருக்கும். மனதை மயக்கும் துறையின் என்சாண்டர் எடுத்தால் மேஜிக் மிஸைலும் ஃபயர்பால் என்ற நெருப்புக்கோளமும் உங்களுக்கு இல்லை. எனக்கு அது மனசு ஒப்பாது. உயிர்களை வரவழைக்கும் துறையின் கன்ஜுரர் எடுத்தால் போவது ‘ஐடென்டிஃபை’ இருக்கும் துறை. அதைக் கடையில் 100 பொன் கொடுத்துச் செய்துகொள்ளலாம். என் ஓட்டு கன்ஜுரருக்கு.

ஒவ்வொரு சண்டைக்கும் பிறகு எட்டு மணி நேரம் தூங்கி எழுந்தால்தான் மந்திரம் திரும்ப வருகிறது. இப்படித் தூங்கிக்கொண்டே இருப்பது ஏமாற்று வேலையா? — திருச்சி வாசகி

இல்லவே இல்லை. அது ஆட்டமே கொடுத்த வழி. காட்டில் படுத்தால் பாதித் தூக்கத்தில் ஏதாவது வந்து தாக்கும், அதுதான் அதற்கான விலை. நான் ஒன்று கடைப்பிடிக்கிறேன்: கையில் ஒரு மந்திரம் மிச்சம் இருக்கும்போதே படுப்பேன். எல்லாவற்றையும் செலவழித்துவிட்டுப் படுத்தால், இருட்டில் ஹாப்காப்ளின் கூட்டம் வந்து நிற்கும்போது உங்களிடம் கவணைத் தவிர ஒன்றும் இருக்காது. விடுதி பக்கத்தில் இருந்தால் விடுதிக்கே போய்விடுங்கள்.

மின்ஸ்க் என்ற வீரர் உங்கள் குழுவில் இருந்தால் மட்டும் நாளைக் கடத்தாதீர்கள். நால்களின் கோட்டையில் அடைபட்டிருக்கும் அவருடைய தோழி டைனஹெரை மீட்கத் தாமதமானால் அவர் கோபித்துக்கொண்டு பிரிந்துவிடுவார். டைனஹெரும் மந்திரவாதிதான் என்பதால் சீக்கிரம் போவது உங்களுக்கும் லாபம்.

மந்திரச் சுருளைப் புத்தகத்தில் ஏற்றும்போது தோற்றுவிட்டது. சுருளும் போச்சு. இது என்ன நியாயம்? — தஞ்சாவூர் வாசகர்

இன்டெலிஜென்ஸ் (அறிவு) 18 இருந்தாலும் 85 சதவீதம்தான் வெற்றி. தோற்றால் சுருள் காலி. அந்த வலி எனக்குப் புரிகிறது. அபூர்வமான சுருள்களை உடனே ஏற்றாமல் சேர்த்து வையுங்கள். ‘ஜீனியஸ்’ மருந்து கிடைக்கும் நாளில் அதைக் குடித்துவிட்டு எல்லாவற்றையும் ஒரே மூச்சில் ஏற்றுங்கள். அது இன்டெலிஜென்ஸை 4 புள்ளி உயர்த்தும். அதற்குப் பொறுமை இல்லையென்றால் முன்னதாக சேவ் செய்துகொள்ளுங்கள், அதில் ஒரு தப்பும் இல்லை. சுருள் வாங்க பெரெகோஸ்டுக்கு நேர் மேற்கே ஹை ஹெட்ஜ் போங்கள். அங்கே தலண்டிர் என்ற மந்திரவாதி விற்கிறார். காசுக்கு வழிப்பறிக்காரர்களைத் தூங்கவைத்து அடியுங்கள். அவர்கள் தலைத்தோலுக்கு பெரெகோஸ்ட் ஜோவியல் ஜக்ளர் விடுதியில் இருக்கும் படை அதிகாரி தலா 50 பொன் தருகிறார்.

ஃப்ரெண்ட்லி ஆர்ம் மதிலுக்குள்ளேயே ஒரு மோதிரம் ஒளிந்திருக்கிறது. போட்டால் முதல்படி மந்திரங்கள் இரட்டிப்பாகும். இடத்தைச் சொன்னால் தேடுகிற சுகம் போய்விடும். தரையை அங்குலம் அங்குலமாகத் தடவிப் பாருங்கள்.

அக்கா, ஃபயர்பால் எப்போ வரும்? — ஒன்பதாம் வகுப்பு வாசகர், நாகர்கோவில்

ஐந்தாவது லெவலில் தம்பி, 20,000 அனுபவப் புள்ளி சேர்ந்ததும். இரண்டாவது லெவலுக்கு 2,500, மூன்றுக்கு 5,000, நான்குக்கு 10,000. மூன்றில் இரண்டாம்படி மந்திரம் ஒன்று வரும், அதுவரை ஸ்லீப்பை வைத்து ஓட்டு. லெவல் ஏறினால் இடம்தான் கிடைக்கும், மந்திரம் தானாக வராது. அதற்கான சுருளை முன்கூட்டியே தேடி வைத்துக்கொள். ஃபயர்பால் வெடிக்கும் வட்டத்துக்குள் நம் ஆட்கள் நின்றால் அவர்களும் வேகுவார்கள். அதனால் காலித் வாளை உருவிக்கொண்டு ஓடுவதற்கு முன்னாலேயே போட்டுவிடு.