கஞ்சாவும் கைத்துப்பாக்கியும்

ஐயா, வணக்கம்.

அமெரிக்காவில் போதைப் பழக்கம் உள்ளவர்கள் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது என்ற சட்டத்தை எதிர்த்து வழக்குகள் நடப்பதாகவும், சிலவற்றில் அவர்களே வென்றதாகவும் படித்தேன். நான் ஒரு மறுவாழ்வு மையத்தில் ஆலோசகர். குடித்துவிட்டு வருகிறவர் கைக்கு அரிவாள்மனை எட்டிவிடுமோ என்று வீட்டார் நடுங்குவதை அன்றாடம் கேட்கிறவள். இதில் அரசியல் சாசனம் எங்கிருந்து வந்தது? எல்லாம் துப்பாக்கிக்காரர்களின் பண பலமா?

ம., ஈரோடு

அன்புள்ள ம.,

இந்தத் தடை 1968ஆம் ஆண்டின் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தில் தொடங்குகிறது. மார்ட்டின் லூதர் கிங்கும் ராபர்ட் கென்னடியும் இரண்டு மாத இடைவெளியில் சுட்டுக் கொல்லப்பட்ட ஆண்டு அது. போதைப்பொருளுக்கு அடிமையானவரும், அதைச் சட்டவிரோதமாகப் பயன்படுத்துகிறவரும் துப்பாக்கி வைத்திருந்தால் குற்றம். இருவரையும் ஒரே கயிற்றில் கட்டியதுதான் சிக்கல். உங்கள் மையத்துக்கு வருகிறவர் முதல் வகை. நீதிமன்றத்துக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் இரண்டாம் வகை.

மிசிசிப்பி மாநிலத்தில் 2022இல் நடந்ததைப் பாருங்கள். நம்பர் பிளேட் இல்லாத வண்டியைப் போலீசார் நிறுத்துகிறார்கள். ஆஷ்ட்ரேயில் புகைத்து மிஞ்சிய கஞ்சாத் துண்டுகள். வண்டிக்குள் குண்டு நிரப்பிய இரண்டு துப்பாக்கிகள். மாதத்தில் 14 நாள் போலக் கஞ்சா புகைப்பேன் என்று ஓட்டியவரே சொல்லிவிட்டார். அந்த நேரத்தில் போதையில் இருந்தாரா என்று யாரும் பரிசோதிக்கவில்லை. ஏறக்குறைய நான்கு ஆண்டுச் சிறை. நியூ ஆர்லியன்ஸில் இருக்கும் மத்திய மேல்முறையீட்டு நீதிமன்றம் 2023 ஆகஸ்டில் அந்தத் தண்டனையை ரத்து செய்தது.

ரத்து செய்ததில் எனக்கு வருத்தமில்லை. அங்கே போய்ச் சேர்ந்த வழிதான் பொறுக்கவில்லை. நீங்கள் கேட்ட அரசியல் சாசனம் இங்கேதான் வருகிறது: அதன் இரண்டாவது திருத்தம் ஆயுதம் வைத்திருப்பதை மக்களின் உரிமை என்கிறது. 2022 ஜூனில் உச்ச நீதிமன்றம், நீதிபதி கிளாரன்ஸ் தாமஸ் எழுதிய தீர்ப்பில், அந்த உரிமைக்கு ஒரு புது அளவுகோலைக் கொடுத்தது. துப்பாக்கிக் கட்டுப்பாடு எதுவானாலும் அது நாட்டின் பழைய மரபோடு பொருந்துகிறது என்று அரசு நிரூபிக்க வேண்டும். அன்றிலிருந்து அரசு வழக்கறிஞர்கள் பதினேழாம், பதினெட்டாம் நூற்றாண்டுச் சட்டக் கட்டுகளைத் தூசி தட்டிக்கொண்டிருக்கிறார்கள். அப்படி அகப்பட்டதுதான் 1655ஆம் ஆண்டு வர்ஜீனியாச் சட்டம்: குடித்துக் கொண்டாடும்போது துப்பாக்கி சுடக் கூடாது, கல்யாணத்துக்கும் சாவுக்கும் மட்டும் விலக்கு! வெடிமருந்து வீணாகிறது, ஆபத்தை அறிவிக்கச் சுடும் சத்தத்தோடும் குழம்புகிறது என்பது அவர்கள் கவலை. கஞ்சா புகைத்துவிட்டு மறுநாள் தெளிவாக இருக்கும் ஒருவரைச் சிறையில் தள்ள இதையா ஆதாரம் காட்டுவது? அந்தக் காலத்தில் தெளிந்த குடிகாரரிடமிருந்து யாரும் துப்பாக்கியைப் பறித்ததில்லை என்று நீதிபதிகள் சொல்வது சரிதான். பறிப்பதென்றால் எத்தனை வீடுகளில் பறிப்பது? ஜார்ஜ் வாஷிங்டனின் தோட்டத்துச் சாராய ஆலையே 1799இல் ஏறக்குறைய 11,000 கேலன் விஸ்கி காய்ச்சியிருக்கிறது.

2024இல் உச்ச நீதிமன்றம் கொஞ்சம் இறங்கி வந்தது. காதலியைத் தாக்கி நீதிமன்றத் தடையாணைக்கு உள்ளான ஒருவரிடமிருந்து துப்பாக்கியை விலக்கி வைக்கலாம், அச்சு அசலான பழைய சட்டம் தேவையில்லை, அதன் கொள்கை பொருந்தினால் போதும் என்று எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் தீர்ப்பு. எதிர்த்த அந்த ஒரு நீதிபதி வேறு யாருமில்லை, தாமஸ்தான். இதில் கவனிக்க வேண்டியது, அங்கே ஒரு நீதிபதி அந்த மனிதரை நேரடியாக ஆராய்ந்து, இவரால் ஆபத்து என்று முதலில் முடிவு செய்திருந்தார். போதைப்பொருள் பிரிவில் அப்படி ஒரு கட்டமே கிடையாது. நீங்கள் ஒருவரை எதிரே உட்கார வைத்து, வீட்டாரிடம் பேசி, எவ்வளவு தூரம் போயிருக்கிறார் என்று கணிக்கிறீர்கள் அல்லவா, அதை இந்தச் சட்டம் யாரிடமும் கேட்பதில்லை. கட்டுப்பாட்டை இழந்தவர் என்று ஒருவரை விசாரித்து முடிவு செய்து, அவர் மீளும்வரை ஆயுதத்தை வாங்கி வைத்தால் நான் உங்கள் பக்கம். போதையில் இருக்கும்போது ஆயுதம் தூக்குவதைத் தடுக்கலாம் என்பதை அந்த மேல்முறையீட்டு நீதிமன்றமும் ஒப்புக்கொண்டிருக்கிறது.

அடிமையானவர் என்ற முதல் வகையில் வந்த பெரிய பெயர், முன்னாள் அதிபர் ஜோ பைடனின் மகன் ஹன்டர் பைடன். 2018இல் கைத்துப்பாக்கி வாங்கும்போது, போதைப் பழக்கம் உண்டா என்ற கேள்விக்கு இல்லை என்று படிவத்தில் குறித்தார். துப்பாக்கி அவரிடம் இருந்தது 11 நாள். பிறகு அண்ணனின் மனைவி அதை ஒரு கடை வாசல் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டார். 2024இல் டெலவேரில் ஜூரி அவரைக் குற்றவாளி என்றது. இந்தக் குற்றத்துக்கான அதிகபட்சத் தண்டனையைப் பத்து ஆண்டிலிருந்து பதினைந்தாக உயர்த்திய 2022ஆம் ஆண்டுச் சட்டத்தில் கையெழுத்திட்டவர் அவருடைய தந்தை. மகனுக்குப் பொதுமன்னிப்பு கொடுத்தவரும் அவரே.

பண பலமா என்று கேட்டீர்கள். ஒருநாள் விட்டு ஒருநாள் கஞ்சா புகைத்ததாகச் சொன்ன டெக்சாஸ்காரர் ஒருவரின் வழக்கை 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் எடுத்துக்கொண்டது. எடுக்கச் சொல்லி மனுப் போட்டது டிரம்ப் அரசு, தடையைக் காப்பாற்றுவதற்காக. துப்பாக்கிக் கட்டுப்பாடு கோரும் அமைப்புகள் இதில் அந்த அரசின் பக்கம். எதிரே, துப்பாக்கி உரிமைக்காகப் போராடும் தேசிய ரைஃபிள் சங்கமும் சிவில் உரிமை வழக்கறிஞர்களின் ஏ.சி.எல்.யூ.வும் ஒரே வரிசையில். இவர்களை இப்படி ஒன்றாகப் பார்ப்பது அபூர்வம்.